மெத்தைக் கடைக்கு ஓடும் முன்: வேன் சோபாவில் தூங்குவோர் செய்யும் தவறுகள்

கேரவனோ, டெம்போ டிராவலரோ, ஆம்னியோ, எதில் போட்டாலும் சோபா கம் பெட் என்பது முதலில் சோபா. அப்புறம்தான் பெட். உட்காருகிறவர் முன்னால் வழுக்கி வராமல் இருக்க, அதன் இருக்கை பின்பக்கமாக ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கும். தொடை படும் இடத்தில் பஞ்சு கெட்டி, முதுகு படும் இடத்தில் மெத்து. முதுகுச் சாய்வைப் படுக்க வைத்து விரித்ததும் இந்த ஏற்பாடுகள் எல்லாம் உங்கள் இடுப்புக்குக் கீழே வந்து சேரும். நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஒரு தையல் வரப்பு. இரண்டு பேர் படுத்தால் நள்ளிரவில் இரண்டு பேரும் நடுவில்.

இதற்கு நம் வேலூர்ப் பக்கம் எல்லோரும் செய்யும் வைத்தியம், கடைக்குப் போய் நாலு அங்குல மெத்தை ஒன்று வாங்கி மேலே போடுவது. அதுதான் முதல் தவறு. பள்ளத்தின் மேல் மெத்தை போட்டால் மெத்தையும் பள்ளமாகும்.

நூல் பிடித்துப் பார்க்காமல் செலவு செய்வது

சோபாவை முழுதாக விரியுங்கள். அகலவாட்டில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நூலை இழுத்துப் பிடிக்க ஒருவர், நூலுக்கும் சோபாவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளக்க ஒருவர். தலை, இடுப்பு, கால் என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரை அங்குலத்துக்குள் இருந்தால் மேல்மெத்தை சமாளித்துக்கொள்ளும். ஓர் அங்குலம் தாண்டினால் அடியில் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்து, கனமான ஒருவரை நடுவில் உட்காரச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் நூலை மறுபடி பிடியுங்கள். முன்னைவிட அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கோளாறு பஞ்சில் இல்லை, சட்டத்தில். விரித்த பாதிக்கு நடுக்கால் இல்லாத சோபாக்கள் நிறைய. ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயில், அடியில் திருகு வைத்த கால் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்து, நடுச் சட்டத்துக்குக் கீழே மடங்கும்படி போல்ட் போட்டால் போதும். வேன் தளம் எங்குமே ஒரே சமமாக இருக்காது, அதனால்தான் திருகு. இதைச் செய்யாமல் எத்தனை விலைக்கு மெத்தை வாங்கினாலும் இடுப்பு தொங்கும், காலையில் முதுகு பிடிக்கும்.

பள்ளத்தை நிரப்ப மெத்துப் பஞ்சு வைப்பது

பள்ளம் ஒன்றரை அங்குலம் என்றால் ஒன்றரை அங்குல ஸ்பான்ஞ் வெட்டி வைக்கிறார்கள். ஆள் ஏறியதும் அது அப்பளமாகிவிடும். இங்கே வேண்டியது ரீபாண்டட் ஃபோம்: துண்டு துண்டான ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்த, பல நிறப் புள்ளிகளோடு இருக்கும் கெட்டிப் பலகை. ஃபோம் கடையில் உங்கள் அளவைச் சொன்னால், ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம், மறுபக்கம் ஒன்றுமில்லாமல் சரிவாக இழைத்துத் தருவார்கள். அப்படி இரண்டு பட்டை. தடித்த பக்கங்கள் இரண்டும் நடுக்கோட்டில் சந்திக்க வேண்டும். இரண்டையும் ஒரே காடாத் துணியில் ஒட்டிவிட்டால் பாய் போல மடித்து வைக்கலாம், தூக்கத்தில் தனித்தனியாக நகராது.

காசு போடும் முன், பழைய பருத்திப் போர்வைகளைப் படிப்படியாக மடித்து அதே சரிவில் வைத்து ஓரிரவு படுத்துப் பாருங்கள். எவ்வளவு உயரம் வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

சிலர் பள்ளத்தின் மேல் பிளைவுட் போடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆறடிக்கு நாலடியில் 6 மி.மீ. பலகையே எட்டுக் கிலோவுக்கு வரும். இரண்டாக அறுத்து, நடுவில் கேன்வாஸ் பட்டையைக் கீல் போல ஒட்டினால் சோபாவுக்குப் பின்னால் சொருகலாம். பலகையில் ஓர் அங்குல ஓட்டைகளை அரையடிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

‘டென்சிட்டி’ என்றால் கெட்டி என்று நினைப்பது

32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கடைக்காரர் சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடையை. அதாவது எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பற்றிய எண். மெத்தா, கெட்டியா என்பது வேறு சங்கதி. 40 டென்சிட்டியிலேயே இரண்டும் உண்டு. தினம் மடக்கி விரிக்கும் வேனுக்கு 40க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டு அங்குல கனம் உள்ள 40 டென்சிட்டி ஃபோம் ஏறத்தாழ 3.4 கிலோ இருக்க வேண்டும். கூச்சப்படாமல் தராசில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டே முக்கால் கிலோ காட்டினால் அது 32. எடை சரியாக இருந்தும், வெட்டிய ஓரத்தைத் தேய்த்தால் வெள்ளையாக மாவு உதிர்ந்தால், எடைக்காகச் சுண்ணப்பொடி கலந்த சரக்காக இருக்கலாம். அது சீக்கிரம் நொறுங்கும்.

எவ்வளவு கனம்? அடித்தளம் சமமாகிவிட்டால் இரண்டு அங்குலம் கெட்டி, அதன் மேல் ஓர் அங்குலம் மெத்து போதும். மல்லாந்து படுப்பவருக்கு அந்த மேலடுக்கும் வேண்டாம்; ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும் என்பதற்காகத்தான் அது. சரிபார்க்க மண்டியிட்டு நில்லுங்கள். முட்டிக்கு அடிப்பலகை தட்டுப்பட்டால் கனம் போதாது.

அதற்காக ஆறு அங்குலம் போடுவதும் தப்பு. படுத்தபடி கை தூக்கினால் கூரையில் இடிக்கும், ஜன்னல் காற்று மெத்தைக்கு மேலே வராது, சோபாவும் மடங்காது. மேல்மெத்தையோடு சேர்த்து அமுக்கி மடக்கிப் பூட்டினால் கீலின் ஆணிகள் சில மாதத்தில் தளர்ந்து ஆடும். மேல்மெத்தை தனியாக எடுத்துச் சுருட்டி வைப்பதாகவே இருக்கட்டும்.

வேலூர் வெயிலை மறந்துவிடுவது

‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு’ என்று ஊரைக் கேலி பேசுவது பழசு. ஆனால் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் பகலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தியவர்களுக்கு அந்தக் கேலியின் முதல் பாதி நன்றாகப் புரியும். பகலெல்லாம் சூடு குடித்த ஃபோம் ராத்திரி பத்து மணிக்கும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இங்கே மெமரி ஃபோம் வாங்குவதை வேண்டாம் என்றே சொல்லலாம். அது உடம்புச் சூட்டில் இளகி அணைத்துக்கொள்ளும் பொருள். சூட்டை வெளியே விடாது. சமவெளியில் வேர்த்துக் கொட்டும். அதே மெத்தையை டிசம்பரில் ஏலகிரிக்கு ஏற்றிக்கொண்டு போனால் குளிரில் விறைத்துப் பலகையாகிவிடும். துளை போட்ட லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால் ஃபோம், காற்றோட்டத்துக்குத் தேவலாம். ஆனால் மேலே சொன்ன அதே அளவுக்கு எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு, விலையும் அதிகம். சாதாரண 40 டென்சிட்டி ஃபோம், மேலே பருத்தி உறை. பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

ரெக்சின் மேல் நேராக விரிப்புப் போட்டுப் படுப்பது இன்னொரு வழக்கம். துடைக்கச் சுலபம் என்று வண்டிக்காரர்கள் ரெக்சினைத்தான் தைத்துத் தருகிறார்கள். வேர்வை இறங்க வழியில்லை, விரிப்பும் நழுவும். ரெக்சினுக்கும் மேல்மெத்தைக்கும் நடுவே, அலமாரித் தட்டுகளில் விரிக்கும் வலை ரப்பர் ஷீட்டை மூன்றடிக்கு இரண்டடித் துண்டாக இரண்டு போட்டால் நழுவல் நின்றுவிடும்.

உறைக்கு எங்கும் தேட வேண்டாம். குடியாத்தத்துப் பருத்திக் கைலி மூட்டினால் சுற்றளவு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். மூன்றடி அகலம், இரண்டு அங்குல கனம் உள்ள மெத்தையின் சுற்றளவு 76 அங்குலம், அதாவது 193 செ.மீ. மூட்டிய கைலி அதன் மேல் தலையணை உறை போலக் கச்சிதமாக ஏறும். நாலடி உயரக் கைலி இரண்டு: தலைப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். மிச்சத்தை இரு முனையிலும் உள்ளே மடித்துவிடலாம். மூட்டுவதற்கு முன் ஒரு தடவை ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். முதல் அலசலில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் மெத்தை வில்லாக வளையும். மேலே ஓர் அங்குலம் கூடுதலாகப் போட்டவர்கள், கைலிக்கு நடுவே இரண்டரை அங்குலப் பட்டை சேர்த்துத் தைக்கச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு

ஏசிக்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள்; ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம். மூடிய வண்டிக்குள் கொசுவத்தி, கேஸ் அடுப்பு இரண்டும் கூடாது.

மாற்று வழி சாதாரணமானது. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை நாலு விரல் திறந்து கொசுவலை ஒட்டுங்கள். படுக்கையின் நீளவாட்டில் காற்று ஓடும்படி 12 வோல்ட் விசிறி ஒன்று வையுங்கள். 12 வாட் விசிறி ஓர் ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு எட்டு ஆம்பியர்-அவர். இதை ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மாட்டாமல் தனி பேட்டரியில் மாட்டுங்கள், காலையில் வண்டியைத் தள்ள வேண்டியிருக்காது. ஆம்னி, ஈகோ போன்ற வண்டிகளில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் நிறுத்திய பிறகும் அந்தப் பக்கத் தளம் சூடாகவே இருக்கும். தலையைப் பின்பக்கம் வைத்துப் படுங்கள்.

வண்டி சரிந்திருப்பதைக் கவனிக்காதது

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த களைப்பில், கிடைத்த இடத்தில் நிறுத்திப் படுத்துவிடுவார்கள். ஆறடி நீளத்துக்கு இரண்டு அங்குலச் சரிவு கண்ணுக்கே தெரியாது, உடம்புக்குத் தெரியும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். அதை விரித்த படுக்கைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. சோபா வண்டிக்குக் குறுக்கே விரிகிறதென்றால் வண்டியின் இடவல சாய்வு உங்களுக்குத் தலை-கால் சாய்வு. தலைப்பக்கம் சற்று உயர்ந்தால் தொல்லையில்லை. கால் உயர்ந்தால் முகம் கனத்து எழுவீர்கள், பக்கவாட்டில் சாய்ந்தால் இரவு முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடப்பீர்கள்.

தாழ்ந்த சக்கரங்களுக்கு முன்னால் ஓர் அங்குலப் பலகை வைத்து மெதுவாக ஏற்றுங்கள். டயரின் முழு அகலமும் பலகை மேல் உட்கார வேண்டும். பிறகு கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை மூன்றும். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டிக்குள் யாரும் படுக்கக் கூடாது.

சின்னச் சின்னவை

நீளத்தை வண்டியின் வெளியகலத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உள்பலகை, ஜன்னல் சட்டம் எல்லாம் போக மிஞ்சுவதை அளந்து, ஆள் உயரத்தைவிட ஆறு அங்குலம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூலைவாட்டில் படுத்தாக வேண்டும், அப்போது அது ஒருவருக்கான படுக்கைதான்.

சிகிச்சைக்காகப் பெரியவர்களை வேலூருக்கு அழைத்து வந்து வேனிலேயே தங்குகிறவர்கள் படுக்கையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட்டு, முட்டி மடங்குவது செங்கோணமாக இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கவே ஓர் ஆள் வேண்டும்.

கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். புழுதியோடு சேர்ந்து பிசினாகும். இரும்புக்கு சிலிக்கான் ஸ்பிரே, மரத்தோடு மரம் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். ஓட்டத்தில் கழன்றுகொள்ளும் சாதா நட்டுக்குப் பதிலாக உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போடச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது விரித்த படுக்கையில் யாரையும் படுக்க விடாதீர்கள். தொழிற்சாலை இருக்கையைக் கழற்றிவிட்டு சோபா பொருத்துவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை போடுகிறது.

கடைசியாக, ஓட்டை போடச் சொன்ன காரணம். தூங்கும்போது வேர்வையும் மூச்சின் ஈரமும் மெத்தை வழியே கீழே இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டு நீராகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசம். அடைத்த பிளைவுட்டாக இருந்தால் மெத்தையின் அடியில் கரும்புள்ளி விழுந்து பூசண வாடை கிளம்பும். ஓட்டைப் பலகையோ, மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல் அடித்த ரீப்பர் கட்டைகளோ ஈரம் போக வழிவிடும். காலையில் எழுந்ததும் சோபாவை மடக்கிவிடாமல், மேல்மெத்தையைத் திறந்த கதவில் சாய்த்து நிறுத்துங்கள். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் அடிப்பக்கம் உலர்ந்திருக்கும். தொட்டுப் பார்த்துச் சில்லென்று இல்லையென்றால் சுருட்டலாம்.