சேற்றுத் தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி: சிங்கப்பூர் சைட்டில் இசிஎம் வேலை

சிங்கப்பூரில் சைட் ஓரமாக ஓடும் கான்கிரீட் கால்வாயைச் சாக்கடை என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் வேலைக்கு வந்து சேர்கிறோம். அது சாக்கடை இல்லை. கழிவுநீருக்குத் தனிக் குழாய் இருக்கிறது, இந்தக் கால்வாய் மழைத்தண்ணீருக்கு மட்டும். தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி; அங்கே விழும் மழை கால்வாய், ஆறு வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய், சுத்தமாகி, சாயந்திரம் நாம் தங்கும் இடத்துக் குழாயிலேயே வருகிறது. அதனால்தான் சைட்டிலிருந்து வெளியே விடும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக் கூடாது என்று பொதுப் பயனீட்டுக் கழகம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு அது.

இசிஎம் (Earth Control Measures, அதாவது சைட்டிலிருந்து சேறு வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடுகள்) என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுத்திகரிப்பு மெஷின்தான். நான் சொல்வேன், மெஷின் கடைசி. முதல் வேலை மண்ணை மூடுவது. ஒரு ஹெக்டேர் இடத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கனமீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் தண்ணீர். மணிக்கு 50 கனமீட்டர் சுத்தம் செய்கிற மெஷின் அதை முடிக்க பத்து மணி நேரம் எடுக்கும். மழை ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் கொட்டிவிட்டுப் போய்விடும். மூடிய மண்ணில் விழும் மழை சேறாகாது, அந்த அளவுக்கு மெஷினுக்கும் வேலை குறையும், கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே மண் வெட்டத் தொடங்கும் முன்பே, தகுதிபெற்ற பொறியாளர் போட்ட இசிஎம் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டை ஒரு சுற்று நடந்து பாருங்கள். சுற்றிலும் வடிகால் இருக்கிறதா, அதற்குக் கான்கிரீட் பூசியிருக்கிறதா (மண் வடிகால் தானே கரைந்து சேறு கொடுக்கும்), சேற்றுத்தடுப்புத் துணியின் அடி ஒரு சாண் ஆழமாவது மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா, தண்ணீர் முழுவதும் சேற்றுத் தண்ணீரைத் தேக்கும் தொட்டிக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து சைட்டுக்குள் வரும் நல்ல தண்ணீரைத் தனியாகத் திருப்பிவிட்டால் பாதித் தலைவலி குறையும். சரிவுகளுக்கும் மண்குவியல்களுக்கும் கேன்வாஸ், லாரி ஓடும் பாதைக்குக் கல் அல்லது கான்கிரீட், வேலை முடிந்த இடத்துக்கு உடனே புல். வேலை கட்டம் மாறும்போது வரைபடமும் மாற வேண்டும். மூன்று மாதத்துக்கு முந்தைய வரைபடத்தைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது.

நான் இருந்த ஒரு சைட்டில் சனிக்கிழமை ஒரு சரிவை வெட்டினோம். திங்கட்கிழமை மறுபடியும் அதையே வெட்டப் போகிறோம், எதற்குக் கேன்வாஸ் என்று விட்டுவிட்டோம். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்குச் சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றோடு மழை. ஐந்து மணிக்கெல்லாம் தொட்டி நிரம்பி வழிந்து, நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வெளிக் கால்வாய் முழுக்கப் பால் கலந்த டீ நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மூடியிருந்தால் இருபது நிமிட வேலை, இரண்டு சுருள் கேன்வாஸ்தான். இன்றைக்கும் அந்த நிறம் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து, சனிக்கிழமை எல்லாச் சரிவையும் மூடி, மணல் மூட்டை வைத்து, தொட்டியைக் காலி செய்த பிறகுதான் கேட்டை விட்டு வெளியே வருகிறேன்.

அடுத்து தொட்டி. நிறைய பேர் தண்ணீரை ஒரு ராத்திரி தேக்கி வைத்தால் தெளிந்துவிடும் என்று நம்புகிறார்கள். மணல் தெளியும், பொடி மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் 2 மைக்ரான் களிமண் துகள் அதே ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால். கடலோரப் பகுதியில் தோண்டினால் வரும் சாம்பல் நிறக் கடற்களிமண் இன்னும் பிடிவாதமானது. அதனால்தான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க மருந்து போடுகிறோம்.

மருந்தின் அளவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டில் நாலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு மருந்து விட்டு, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு மெதுவாகக் கலக்கி, அப்படியே வைத்துப் பாருங்கள். சரியான பாட்டிலில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்காரும், மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். தெளிந்தவற்றில் எது மிகக் குறைந்த மருந்தோ அதுதான் உங்கள் அளவு. அதிகம் போட்டால் மறுபடி கலங்கும், தண்ணீரும் புளிப்புத்தன்மை அடையும். மண் மாறினால் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். அடியில் தங்கும் சேற்றை லாரியில் வெளியே அனுப்ப வேண்டும், எக்காரணம் கொண்டும் கால்வாயில் தள்ளக் கூடாது.

“அண்ணே, தண்ணி தெளிவாத்தானே போகுது, மீட்டர் எதுக்கு?” என்று ஒரு தம்பி கேட்டான். வெளியே போகும் தண்ணீரில் மண்துகள் எவ்வளவு என்று காட்டுவதுதான் அந்த மீட்டர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது வேறு, 50க்குள் இருப்பது வேறு. மீட்டரின் கண்ணில் பாசி படிந்தாலே எண் தப்பாகக் காட்டும், தினமும் துடையுங்கள், அவ்வப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். எண் 50ஐத் தாண்டினால் வெளியே விடும் வால்வை மூடி, தண்ணீரைத் தொட்டிக்கே திருப்புங்கள். பெரிய சைட்டுகளில் கால்வாயைப் பார்த்தபடி கேமரா இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கான்கிரீட் லாரி கழுவிய தண்ணீரை இதோடு சேர்க்காதீர்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் காரத்தன்மை கடுமையாக இருக்கும், மீனைக் கொன்றுவிடும். அதற்குத் தனித் தொட்டி. கேட்டில் டயர் கழுவும் இடமும் அப்படித்தான், கழுவிய தண்ணீர் ரோட்டுக்கு வழியாமல் உள்பக்கமாகச் சரிவு இருக்க வேண்டும்.

அப்புறம் கொசு. தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்கிறார்கள், தேங்கினால் ஏடிஸ் முட்டையிடுகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியமும் கேட்கும். இரண்டுமே நியாயம். மெஷினுக்குப் போகாமல் நிற்கும் தண்ணீருக்கு வாரம் தவறாமல் கொசுப்புழு மருந்து போடுங்கள், கேன்வாஸ் மடிப்புகளில் தேங்கிய தண்ணீரை மழை விட்டதும் தட்டிவிடுங்கள், டெங்கி வந்தால் முதலில் படுப்பது நம் ஆட்கள்தான்.

வேலை முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் தொட்டியை உடனே பிரிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். புல் வேர் பிடிக்கும் வரை விடாதீர்கள். புல்லை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், மண்ணோடு சேர்ந்து நின்றால் பிரிக்கலாம்.