பேஸ் கிட்டாரின் ட்யூனர்களை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பேஸ் கிட்டார் சுருதியில் நிற்கவில்லை என்றதும் பலரும், தந்திகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் முறுக்காணிகளான ட்யூனர்களைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பள்ளங்களுள்ள சிறு பட்டை) பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்வதும், ட்யூனரின் தண்டில் தந்தி ஒழுங்காகச் சுற்றப்படாமல் இருப்பதும், ட்யூனரை மரத்தோடு பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்துபோவதும் இதே கோளாறைத் தரக்கூடியவை. சுருதி சேர்க்கும்போது 'டிக்' என்ற ஓசையுடன் சுருதி ஒரேயடியாகத் துள்ளி ஏறினால் குறை பெரும்பாலும் நட்டில் இருக்கும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தண்டு நகராமல் பிடி மட்டும் வெறுமனே சுற்றினாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ, பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருந்தாலோ ட்யூனரை மாற்றுவதே சரி.

எடையும் மாற்றுவதற்கு ஒரு நல்ல காரணம். ட்யூனர்கள் பொருத்தப்பட்டிருக்கும் கழுத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக், கிட்டாரின் உடலிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், அங்கே குறையும் ஒவ்வொரு கிராமும் பெரிய வேறுபாட்டைத் தருகிறது. வாரில் தொங்கவிட்டதும் கழுத்துப் பக்கம் கீழே சாயும் பேஸ்களுக்கு, ஹிப்ஷாட் நிறுவனத்தின் அல்ட்ராலைட் போன்ற எடை குறைந்த ட்யூனர்கள் கண்கூடாகவே உதவுகின்றன.

இந்த வேலையில் வெற்றியும் தோல்வியும் அளவெடுப்பதிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே புதியவற்றை வாங்குவதற்கு முன் பழைய ட்யூனர் ஒன்றைக் கழற்றி, வெர்னியர் காலிப்பரால் நான்கு அளவுகளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹெட்ஸ்டாக் துளையின் விட்டம், தண்டின் விட்டம், ஹெட்ஸ்டாக்கின் தடிமன், பின்தகட்டில் உள்ள திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரம். தடித்த தண்டுள்ள பழைய பாணி ட்யூனர்களுக்குத் துளை சுமார் 17.5 மி.மீ. இருக்கும், சிறிய நவீன வகைகளுக்குச் சுமார் 14 மி.மீ. போதும். புதிய ட்யூனருக்குத் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் மாற்று புஷ்கள் (தண்டைச் சுற்றித் துளையில் அமரும் வளையங்கள்) கிடைக்கின்றன. துளை சிறிதாக இருந்தால் மரத்தைக் குடைய வேண்டிவரும். குடைந்த மரத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அதே அளவுத் துளைக்குப் பொருந்தும் ட்யூனரையே தேடி வாங்குமாறு பரிந்துரைக்கிறேன். பின்தகடு பழைய திருகுத் துளைகளை மறைக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ட்யூனர்களும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கிற்கு ஒரே பக்க ட்யூனர்கள் நான்கு தேவை. பக்கத்திற்கு இரண்டாக இருந்தால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்த இரு வகைகள் தேவை.

தந்திகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே கழற்றுங்கள். இறுகிய தந்தியை வெட்டுவது ஆபத்தானது. கழுத்தை ஒரு துணிச் சுருளின் மேல் தாங்க வைத்து, திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் பின்பக்கத் திருகுகளை எடுங்கள். முன்பக்கத்தில் மரையுள்ள புஷ் இருந்தால் அதை முதலில் ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். அழுத்திச் செருகப்பட்ட புஷ்ஷாக இருந்தால், துளைக்குள் நுழையும் மரக்குச்சியைப் பின்புறத்திலிருந்து வைத்து, ஒரு பக்கமாகச் சாயாதபடி சுற்றிலும் மெதுவாகத் தட்டி வெளியேற்றலாம். அவசரப்பட்டால் புஷ்ஷோடு சேர்ந்து வார்னிஷும் பெயர்ந்துவிடும்.

புதிய புஷ்களைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். இரு பக்கமும் மரத்துண்டு வைத்து, சி வடிவக் கவ்வியால் மெல்ல அழுத்தினால் அவை நேராக அமரும். மரையுள்ள வகையில், வாஷரை வைத்து முதலில் விரலால் மட்டும் இறுக்குங்கள். நான்கு ட்யூனர்களையும் இவ்வாறு தளர்வாகப் பொருத்திய பின், நேரான அளவுகோல் ஒன்றைப் பிடிகளின் விளிம்பில் வைத்து அவை ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டே திருகு இடங்களைக் கூர்மையான ஊசியால் குறிக்க வேண்டும்.

ஹெட்ஸ்டாக் பெரும்பாலும் மேப்பிள் அல்லது மஹோகனி மரத்தால் ஆனது. குறிப்பாக மேப்பிள் கடினமானது என்பதால், முன்துளை இல்லாமல் சிறு திருகைச் செலுத்தினால் அதன் தலை முறிந்து உடல் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். திருகின் மரைகளை நீக்கிவிட்டால் எஞ்சும் நடுத்தண்டின் விட்டம் எவ்வளவோ அந்த அளவு டிரில் பிட்டைத் தேர்ந்தெடுத்து, மரத்துக்குள் இறங்க வேண்டிய ஆழத்தில் பிட்டின் மேல் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக் ஏறத்தாழ 15 மி.மீ. தடிமனே கொண்டது என்பதால் இந்த அடையாளம் இல்லாவிட்டால் முன்பக்கம்வரை துளை போய்விடக்கூடும். பழைய துளைகள் புதிய துளைக்கு மிக அருகில் இருந்தால், முதலில் மரக்குச்சியையும் மரப் பசையையும் இட்டு அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிடுங்கள். திருகில் சிறிது மெழுகு தடவிக் கையால் திருகினால் போதும். திருகுகள் அமர்ந்த பிறகு முன்பக்கத்தின் மரையுள்ள புஷ்ஷை ஸ்பேனரால் உறுதியாக இறுக்கலாம். ஆனால் வாஷருக்கு அடியில் வார்னிஷ் வெடிக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

பழைய தந்திகளை மீண்டும் பூட்டுவதை நான் விரும்புவதில்லை. முன்பு வளைந்த இடம் புதிய தண்டில் சரியாக அமையாது; அங்கேயே அறுந்துவிடவும் கூடும். புதிய தந்தியை நட்டின் மேல் நீட்டிப் பிடித்து, அதற்குரிய தண்டைத் தாண்டி ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. விட்டுவிடுங்கள். வெட்டும் இடத்துக்குச் சற்று உட்புறமாக முதலில் கூர்மையாக மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சில தந்திகளின் மேற்சுற்று உள்கம்பியிலிருந்து பிரிந்து, ஓசை மங்கிவிடும். தண்டின் நடுத்துளைக்குள் முனையைச் செருகி, பிளவின் வழியாக வளைத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே அமையுமாறு இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் சுற்றுங்கள். இப்படிச் சுற்றும்போது தந்தி நட்டிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்து செல்வதால், நட்டின் மேல் நன்றாக அழுந்தி நிற்கும்.

சுருதி சேர்க்கும்போது எப்போதும் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். கூடுதலாக ஏறிவிட்டால், தேவையானதற்கும் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வு அப்போதுதான் தந்தியின் இழுவிசையால் ஒரு பக்கமாக அடைபடும். புதிய தந்திகள் நீள்வதால் தொடக்கத்தில் சுருதி இறங்குவது இயல்பே. வாசிக்கத் தொடங்கிய சில நாட்களில் வாஷருக்கு அடியில் உள்ள மரம் சற்று அமுங்கியிருக்கும் என்பதால், முன்பக்கத்தின் மரையுள்ள புஷ்களையும் பின்பக்கத் திருகுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.