பல்கலைக்கழகத்தையும் விக்கிப்பீடியாவையும் இணைக்க ஓர் அமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக மாணவர்களை வகுப்புப் பணியாக விக்கிப்பீடியாவில் எழுத வைக்க ஓர் அமைப்பு தொடங்க நினைத்தோம். அதற்கான எங்கள் முதல் திட்ட அறிக்கை பதினான்கு பக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில், அன்னதானப் பாத்திரங்கள் கழுவும் சத்தத்துக்கு நடுவே எழுதினோம். அமைப்பின் சின்னத்துக்கு ஒரு பக்கம், ஐந்தாண்டு வரவு செலவுக்கு மூன்று பக்கம். மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை யார் படித்துத் திருத்துவார் என்பதற்கு மட்டும் ஒரே வரி: "அதை விக்கிப்பீடியத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்." அந்தத் தன்னார்வலர்களில் ஒருவரிடமும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

பிறகு செய்த தவறுகள் பலவும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவைதான். கூலி வாங்காதவரின் நேரத்துக்கு விலையே இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டோம்.

கணக்கைச் சரியாகப் போட்டால் எப்படி இருக்கும்? நாற்பது பேர் உள்ள வகுப்பு, ஆளுக்கு ஒரு கட்டுரை. மேற்கோள் சரிதானா, எங்கிருந்தாவது வெட்டி ஒட்டியதா என்று பார்க்கக் கட்டுரைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த நாற்பது மணி நேரமும் ஒரே வாரத்தில் வந்து விழும். கெடுவுக்கு முந்தின இரவில் எழுதாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரைகளைத் தினமும் சரிபார்ப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் அலுவலகம் முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்காருகிறவர்கள்.

2011-இல் புனே கல்லூரிகளில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மேற்கொண்ட கல்வித் திட்டம் கவிழ்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பல நூறு மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். நூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்த பத்திகள் குவிந்தன. வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டவர்களில் பலர் தாங்களே அப்போதுதான் தொகுக்க, அதாவது கட்டுரைகளை எழுதித் திருத்த, கற்றுக்கொண்டிருந்தார்கள். குப்பையை அள்ளியவர்களோ திட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தன்னார்வலர்கள். அவர்கள் பொறுமை இழந்தார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே திட்டம் நின்றது. மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண் என்று பழக்கிவிட்டு, ஒரு பருவத்தில் அதை மறக்கச் சொன்னால் எப்படி?

ஆகவே தொடங்குவதற்கு முன்பே தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் போய்ச் சொல்லுங்கள்: இத்தனை மாணவர்கள், இந்தத் தலைப்புகள், இந்தத் தேதிகள், சரிபார்ப்பவர்கள் எங்கள் தரப்பில் இன்னார். பத்து மாணவருக்கு ஒருவர் என்ற அளவிலாவது பழகிய தொகுப்பாளர் கிடைக்காவிட்டால் வகுப்பைச் சிறிதாக்குங்கள். முதல் மாதம் புதுக் கட்டுரையே வேண்டாம். இருக்கிற கட்டுரைக்கு இரண்டு மேற்கோள் சேர்க்கட்டும், மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். அமைப்பில் சம்பளம் கொடுக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றால், அது இயக்குநருக்கு அல்ல, சரிபார்த்துச் சொல்லித் தருகிறவருக்கு.

அடுத்தது நாட்காட்டி. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் பிப்ரவரியில் தொடங்கி நவம்பர்த் தேர்வோடு முடிகின்றன. இரண்டாம் பருவத்தின் கட்டுரைக் கெடு செப்டம்பரிலும் அக்டோபரிலும் நெருக்கும். எங்களுக்கோ அது புரட்டாசி. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதத்தை எவ்வளவு கண்டிப்பாக நோற்கின்றன என்பது டர்பன்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருவதாக ஒப்புக்கொண்ட நான்கு பேரும் கோயிலில் இருந்தார்கள். தேதியைக் குறித்தது நான்தான். டிசம்பரில் இதைவிட மோசம். மாணவருக்குச் செய்தி எழுதும் இடமான அவரது பேச்சுப் பக்கத்தில் "இந்தத் தகவலுக்கு ஆதாரம் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருப்பார். மாணவர் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதில் வராததால் கட்டுரை நீக்கப்படும். பிப்ரவரியில் அடுத்த அணி வந்து அதே தலைப்பில் மறுபடி தொடங்கும்.

விரிவுரையாளர் ஏன் தொடர்ந்து வருவதில்லை என்று நெடுநாள் குழம்பினோம். ஆர்வம் குறைவு என்று நினைத்தது தவறு. இங்கே அரசு அங்கீகரித்த ஆய்விதழ்க் கட்டுரைகள் போன்ற ஆய்வு வெளியீடுகளை எண்ணித்தான் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தில் ஒரு பகுதியைத் தருகிறது. கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பதவி உயர்வும் ஏறத்தாழ அதே தராசில்தான் நிறுக்கப்படுகிறது. ஆகவே ஒரு பேராசிரியரின் நல்ல மனத்தை நம்பி அமைப்பைக் கட்டினால், அவர் ஆய்வு விடுப்பில் போகும் அன்று அமைப்பும் போய்விடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. புன்னகையோடு கைகுலுக்கி வழியனுப்பிய ஒரு பல்கலைக்கழகத்தில், அடுத்த ஆண்டு எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடவே ஆளில்லை. பாடத்திட்டக் குழுவின் ஏட்டில் அந்தப் பயிற்சி ஏற வேண்டும், அல்லது நூலகத்தின் பொறுப்பில் சேர வேண்டும். என் அனுபவத்தில் இந்த வேலைக்கு நூலகர்களே மேல்; ஆதாரம் தேடக் கற்றுக்கொடுப்பது அவர்களுக்கு எப்படியும் அன்றாட வேலைதானே.

பணத்துக்கு வருவோம். தன் காலில் நிற்பது என்றால் ஆண்டுதோறும் நல்கைக்கு விண்ணப்பிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நல்கை வரும், ஒரு நாள் வராது. எடின்பரோ பல்கலைக்கழகம் 2016 முதல் ஒரு விக்கிமீடியரை, அதாவது விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லித் தருகிறவரை, தன் ஊழியராகவே வைத்திருக்கிறது. சம்பளம் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டிலிருந்து போகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த வேலையைச் செய்யும் விக்கி எஜுகேஷன் அமைப்பு, விக்கிமீடியா அறக்கட்டளையின் 2010-ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்றிலிருந்து கிளைத்துத் தனி அமைப்பானது. மாணவர் வகுப்புகளை இலவசமாக நடத்தும் அது, பணியில் இருக்கும் அறிஞர்களுக்கான பயிற்சிகளுக்கு நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குகிறது. நமக்குப் பொருந்துவது எடின்பரோ வழி என்றே நினைக்கிறேன். ஒரு முழுச் சம்பளம் கேட்டால் கதவை மூடுவார்கள். நூலகத்தில் அரைநேர வேலை ஒன்று கேட்டுப் பாருங்கள்.

பதிவு செய்ய அவசரப்படாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் தன்னார்வச் சங்கம், அறக்கட்டளை, இலாப நோக்கற்ற கம்பெனி என்று மூன்று வடிவங்கள் உண்டு. 1997-ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்தால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் கொடுக்க வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 18ஏ சான்று வேண்டுமானால், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். நம் சங்கங்களில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் மாமன், மச்சான், மருமகன் என்று அமைந்துவிடுவதால் இந்த இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதோடு, விக்கிமீடியா இயக்கத்தின் தென்னாப்பிரிக்கக் கிளை 2012 முதலே இருக்கிறது. 2018-இல் கேப்டவுனில் அந்த இயக்கத்தின் உலக மாநாடான விக்கிமேனியாவே நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்துவிட்டு, அதன் பிறகும் தனி அமைப்பு தேவைதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெயரில் விக்கிப்பீடியா என்று சேர்த்துக்கொள்வதும் கூடாது. அது வணிகக் குறி, அனுமதி வேண்டும். எங்கள் அழகான சின்னம் அப்படித்தான் வீணாயிற்று.

கணினிக் கூடத்தில் சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கடிக்கும் ஒன்று: ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) விக்கிப்பீடியாவில் ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. வளாகம் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே போனால் ஏழாவது மாணவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள், அல்லது விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மொழியில் நாங்கள் செய்தது ஆசைப்பிழை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த ஊர் இது. இங்குள்ள மாணவர்கள் தமிழில் எழுதித் தள்ளுவார்கள் என்று கனவு கண்டோம். நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு உருக்கமாகப் பாடுகிறவர்கள். அவர்களிடம் தமிழ்க் கட்டுரை கேட்டால் இயந்திர மொழிபெயர்ப்பு வரும். வந்தது. அதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவார்கள், கோயில்களைப் படம் எடுப்பார்கள், ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டுவார்கள். தமிழாக்கத்தை வேறு ஊர்த் தமிழர்களிடம் விடலாம். ஜூலு மாணவர்களை மறந்ததும் எங்கள் குற்றம். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தாய்மொழியாகப் பேசும் ஜூலுவின் விக்கிப்பீடியா, கட்டுரை எண்ணிக்கையில் தமிழைவிட மிகச் சிறியது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமோ 2014 முதல் ஜூலு தெரியாத இளநிலை மாணவர்கள் ஜூலு மொழிப் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறது. வாசல் அங்கே திறந்திருக்க, நாங்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தோம்.

பெருமையும் ஒரு குழி. "எங்கள் பாட்டன் கட்டிய கோயில்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அச்சில் ஆதாரம் இல்லையென்றால் கட்டுரையில் நிற்காது. பாட்டியின் வாய்மொழியைப் பதிவு செய்து காப்பகத்தில் சேர்ப்பது வேறு வேலை, அதையும் செய்யுங்கள். பல்கலைக்கழகப் பணத்தில் சம்பளம் வாங்குபவர் அதே பல்கலைக்கழகத்தைப் பற்றிய கட்டுரையைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. பணம் பெற்று எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 முதல் பயன்பாட்டு விதிகளே சொல்கின்றன.

ஒரு பெயர்ச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள தமிழர் குடும்பப் பெயர் ஒன்றைக் கவெண்டர் என்று எழுதினால் தமிழ்நாட்டுத் தொகுப்பாளர் அதைக் கவுண்டர் என்று மாற்றுகிறார். மூட்லி முதலி ஆகிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு மாணவி தன் குடும்பப் பெயரைத் திருத்திவிட்டார்களே என்று வருந்தி வகுப்பையே விட்டுவிட்டாள். எழுத்துக்கூட்டலைப் பேச்சுப் பக்கத்தில் முதலிலேயே பேசி முடித்திருக்கலாம்.

இப்போது நாங்கள் பதினொரு பேர், ஒரே ஒரு பாடம், பதிவும் இல்லை, சின்னமும் இல்லை. விடுமுறையில் பேச்சுப் பக்கங்களுக்குப் பதில் சொல்வது யார் என்று ஒரு அட்டவணை மட்டும் இருக்கிறது. டிசம்பருக்கு இரண்டு பெயர்கள் எழுதியாயிற்று. ஜனவரிக் கடைசி வாரத்துக்கு நேரே இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை, காவடி வருகிறது.