"குழந்தைதானே!": ஹோம்ஸ்டே புக்கிங்கில் தலைக்கணக்கைச் சரியாக வைப்பது எப்படி?

கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு பக்கம் வீட்டை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தவர்கள் எல்லோருக்கும் வரும் பிரச்சினை இது. நாலு பேர் என்று புக் செய்திருப்பார்கள், வாசலில் ஆறு பேர் இறங்குவார்கள். கேட்டால் "ரெண்டு பேரும் குழந்தைங்கதானே சார்" என்பார்கள். இரவு எட்டு மணிக்கு, மலைக்குளிரில், தூங்கி விழும் பிள்ளையோடு நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது, அனுப்பவும் கூடாது. அதனால் இந்தக் கணக்கை அவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்ப்போம். ரயிலில் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். தமிழக அரசுப் பேருந்திலும் 5 வயது வரை இலவசம். நம் குடும்பங்களுக்குப் பழகிப்போன கணக்கு இதுதான். வீடு புக் செய்யும் ஆப்பான ஏர்பிஎன்பியில் (Airbnb) இருப்பதோ விமான டிக்கெட் கணக்கு. அங்கே 2 வயது நிறையாத குழந்தை மட்டும்தான் கைக்குழந்தை. 2 முதல் 12 வரை குழந்தை, 13 முதல் பெரியவர். கைக்குழந்தை விருந்தினர் எண்ணிக்கையில் சேராது, அதற்குக் கூடுதல் கட்டணமும் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை முழு விருந்தினர். ஆகவே, நாலு வயதுப் பையனைச் சேர்க்காமல் புக் செய்தவர் பெரும்பாலும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அதை மனதில் வைத்துப் பேசினாலே பாதிச் சண்டை வராது.

படி 1: வீடு எத்தனை பேரைத் தாங்கும்?

கட்டிலை மட்டும் எண்ணாதீர்கள். ஒரே பாத்ரூம், 15 லிட்டர் கீசர் என்றால், டிசம்பர் காலையில் மூன்றாவது ஆள் குளிக்கும்போதே தண்ணீர் ஆறிவிடும். கூடுதல் மெத்தை, கம்பளி எத்தனை இருக்கிறது, கார் எத்தனை நிற்கும் என்றும் பாருங்கள். கைக்குழந்தைகளையும் சேர்த்து ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிவு செய்தவர் என்றால் 6 அறை, 12 படுக்கைதான் உச்சவரம்பு.

படி 2: அந்த எண்ணை ஆப்பில் போடுங்கள்

மூன்று இடங்களை நிரப்ப வேண்டும்: அதிகபட்சம் எத்தனை பேர், அடிப்படை வாடகை எத்தனை பேருக்கு, அதற்கு மேல் தலைக்கு எவ்வளவு. ஓர் உதாரணம். நாலு பேருக்கு ஓர் இரவு வாடகை 4,500 ரூபாய், ஐந்தாவது ஆளிலிருந்து தலைக்கு 600, அதிகபட்சம் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, நாலு வயதுப் பையன், பத்து மாதக் குழந்தை என ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்க வருகிறது. ஆப்பின் கணக்கில் இவர்கள் 5 பேர். வாடகை 9,000, பையனுக்கு 1,200, மொத்தம் 10,200. ஆப்பின் சேவைக் கட்டணம் தனி. வீட்டுக்குள் இருக்கப்போவது ஆறு பேர். ஆறு பேரை வீடு தாங்காது என்றால், எண்ணிக்கையில் சேராத கைக்குழந்தைக்கும் இடம் விட்டு, அதிகபட்சத்தை 4 என்று குறையுங்கள்.

வீட்டு விதிகளிலும் ஒரு வரி சேருங்கள்: "2 வயது நிறைந்த குழந்தைகளையும் எண்ணிக்கையில் சேர்த்து புக் செய்யவும்." இன்னொரு புக்கிங் தளமான புக்கிங் டாட் காமில் ஒவ்வொரு குழந்தையின் வயதையும் விருந்தினரே போட வேண்டும். தொட்டில், கூடுதல் படுக்கைக்கான விதியை நீங்கள் நிரப்பி வையுங்கள்.

படி 3: புக்கிங் வந்ததும் ஒரு மெசேஜ்

என்னைக் கேட்டால் மிக முக்கியமான படி இதுதான். "எக்ஸ்ட்ரா ஆளுக்கு சார்ஜ் உண்டு" என்று தொடங்கினால் பதில் மழுப்பலாகத்தான் வரும். உதவி செய்யக் கேட்கிற மாதிரி கேளுங்கள்:

"வணக்கங்க, புக்கிங் வந்தது, நன்றி. பெரியவங்க எத்தனை பேர், குழந்தைங்க இருந்தா அவங்க வயசு என்னன்னு ஒரு வரி அனுப்புங்க. தொட்டில், சின்னக் கம்பளி எல்லாம் எடுத்து வைக்கிறோம். மலைக்கு வர இ-பாஸ் எடுக்க மறந்துடாதீங்க."

இ-பாஸ் சும்மா சேர்த்தது இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அந்த நடைமுறை இருக்கிறது. அதற்காக வண்டியில் எத்தனை பேர் என்று அவர்களே ஒருமுறை எண்ணத்தான் போகிறார்கள்.

எண்ணிக்கை மாறினால் ஆப்பிலேயே புக்கிங்கைத் திருத்தச் சொல்லுங்கள். பணத்தைத் தனியாகக் கையிலோ ஜிபேயிலோ வாங்காதீர்கள். ஏர்பிஎன்பி விதிப்படி அது தவறு, பிறகு தகராறு வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

படி 4: குழந்தைக்கு வீடு தயாரா?

நம் ஊர்க் குழந்தை பலதுக்கும் தூளியில்தான் தூக்கம் வரும். நீங்கள் இடம் காட்டாவிட்டால் அம்மா புடவையைத் திரைச்சீலைக் கம்பியிலோ ஃபேனிலோ கட்டிவிடுவார். அது கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் கூரையில் கனமான இரும்புக் கொக்கி ஒன்றை ஆள் வைத்துப் பொருத்துங்கள். அதில் நீங்களே முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். மரச்சட்டம் போட்ட பழைய வீடு என்றால் தச்சரைக் கேட்காமல் கொக்கி அடிக்க வேண்டாம்.

கீசர் சூட்டை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள், குழந்தையின் தோல் சீக்கிரம் வெந்துவிடும். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு வைப்பதை விதியிலேயே தடை செய்யுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

செங்குத்துப் படி, தடுப்பில்லாத பள்ளம் என்று சரிசெய்யவே முடியாத ஆபத்து இருந்தால், குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று குறித்துவிட்டுக் காரணத்தையும் எழுதுங்கள்.

படி 5: இவ்வளவுக்குப் பிறகும் கூடுதலாக வந்தால்

ஒரு பிள்ளை கூட வந்திருக்கிறது, வீடும் தாங்கும் என்றால் முதலில் உள்ளே உட்கார வையுங்கள், டீ கொடுங்கள், அப்புறம் ஆப்பில் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். பெரியவர்கள் மூன்று நாலு பேர் கூடுதல் என்றால் அப்படி விட முடியாது. பக்கத்தில் காலியாக இருக்கும் இரண்டு மூன்று வீடுகளின் எண்கள் கேர்டேக்கரிடம் எப்போதும் இருக்கட்டும், மீதிப் பேருக்கு அங்கே ஏற்பாடு செய்து கொடுக்கலாம். பேசி முடித்ததை அன்றிரவே ஆப் மெசேஜில் இரண்டு வரியாகப் போட்டு, அவர்களிடமிருந்து "சரி" என்று ஒரு பதிலும் வாங்கிவிடுங்கள்.