வயல் இருப்பிடத் தரவைப் பொறுப்போடு கையாளுதல்

பெங்களூரில் தங்கி ஆனேக்கல் பக்கத்துக் கேழ்வரகு வயல்களை ஆராயும் நம் மாணவர்கள், ஜிபிஎஸ் கருவியை எடுக்கும் முன், எந்த விவரம் எதற்காக யாரிடம் போகும் என்பதை விவசாயிக்குப் புரியும்படி, தமிழரானால் தமிழிலும் கன்னடரானால் கன்னடத்திலும் சொல்லி, ஒப்புதல் பெற வேண்டும். அட்சரேகையை 12.71083 என 5 தசம இடங்களோடு வெளியிட்டால், ஏறக்குறைய 1 மீட்டர் துல்லியத்தில் அவருடைய வரப்பையே காட்டிக்கொடுத்துவிடுவோம்; 12.71 என நிறுத்தினால், சுமார் 1 கிலோமீட்டர் வட்டாரம் மட்டுமே தெரியும். பெயரை நீக்கினால் போதும் என்பது தவறான நம்பிக்கை: படத்தில் கிணறும் களத்துமேடும் தெரிந்தால், ஊரார் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அசல் அளவீடுகளைக் கடவுச்சொல்லிட்ட தனிக் கோப்பில் வைக்கவும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியே தரையில் குறைந்தது 10 மீட்டர் அகலம் என்பதால், சிறு பாத்திகளை நேரில் பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது.