பைக் ரேஸ் புதுசா பாக்குறீங்களா? ஒரு மோட்டோஜிபி வீக்எண்டை முழுசா ரசிக்கிறது எப்படி

"ஒரே எடத்தையே சுத்தி சுத்தி வர்றாங்க, இதுல என்னப்பா பாக்குற?" பைக் ரேஸ் பைத்தியமா இருக்குற எங்க எல்லார்கிட்டயும் யாராவது இந்தக் கேள்விய கேட்டிருப்பாங்க. மோட்டோஜிபிங்கறது உலக அளவுல நடக்குற பெரிய பைக் ரேஸ் சாம்பியன்ஷிப். ஞாயித்துக்கிழமை ரேஸ் மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். வெள்ளிக்கிழமைலேருந்து பாத்தாதான் ஞாயித்துக்கிழமை என்ன நடக்குதுன்னே புரியும், அதனால மூணு நாள்ல எப்போ எதை கவனிக்கணும்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

படி 1: முதல்ல நேரத்தை பிடிங்க

ஐரோப்பால நடக்குற ரேஸ்னா நம்ம நேரத்துக்கு பெரும்பாலும் சனிக்கிழமை சாயந்திரம் 6:30க்கு ஸ்பிரிண்ட்ங்கற சின்ன ரேஸ், ஞாயித்துக்கிழமை 5:30க்கு மெயின் ரேஸ். அக்டோபர் கடைசில அங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அப்புறம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஜப்பான், ஆஸ்திரேலியான்னா காலையிலயே முடிஞ்சிடும், அமெரிக்கால ஆஸ்டின்னா ராத்திரி தூக்கம் போச்சு. சீசன் காலண்டர் வந்த உடனே நான் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுவேன், அன்னைக்கு ஏதாவது கல்யாணம் வந்தா காலையிலயே முகூர்த்தத்துக்கு போய் தலைய காட்டிட்டு வந்துடுவோம், சாயந்திர ரிசப்ஷனுக்கு என்னை எதிர்பாக்க வேணாம்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். லைவா பாக்க முடியலன்னா ஃபோன்ல நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டு வாட்ஸ்அப் குரூப்பையும் மியூட்ல போட்டுடுங்க.

படி 2: மோட்டோ3லேருந்து ஆரம்பிங்க

ஞாயித்துக்கிழமை மூணு ரேஸ் இருக்கும், மோட்டோ3, மோட்டோ2, மோட்டோஜிபின்னு மூணு கிளாஸுக்கு ஒவ்வொண்ணு. மோட்டோ3 பைக் 250 சிசி, ஒரே சிலிண்டர். மோட்டோ2ல எல்லாருக்கும் ட்ரையம்ஃபோட 765 சிசி இன்ஜின். மோட்டோஜிபி இப்போ 1000 சிசி, 2027லேருந்து 850 ஆகுது. புதுசா பாக்குறவங்க நேரா பெரிய கிளாஸுக்கு போகாதீங்க, என்னைக் கேட்டா மோட்டோ3தான் நல்ல பள்ளிக்கூடம். பவர் கம்மிங்கறதால யாராலயும் தனியா பிச்சுக்கிட்டு போக முடியாது, முன்னாடி போற பைக்குக்கு பின்னாடி ஒளிஞ்சு காத்து தடையில்லாம வேகம் பிடிச்சு ஸ்ட்ரெயிட் (வளைவில்லாத நேர் பாதை) முடியுற எடத்துல வெளிய வந்து முந்துவாங்க, அடுத்த ஸ்ட்ரெயிட்ல அதே மாதிரி அவங்களை இன்னொருத்தர் முந்துவாரு. ஸ்லிப்ஸ்ட்ரீம்னா என்ன, பிரேக்கை லேட்டா பிடிக்கிறதுனா என்னங்கறது ரெண்டு ரேஸ்லயே கண்ணுக்கு பழகிடும்.

படி 3: டைமிங் ஸ்க்ரீனை படிக்க கத்துக்கோங்க

இதுதான் முக்கியம், இதுக்கு கொஞ்சம் பொறுமை வேணும். வெள்ளிக்கிழமை மதியம் நடக்குற பிராக்டீஸ்ல முதல் 10 இடத்துல வர்றவங்க நேரா க்யூ2க்கு, அதாவது குவாலிஃபையிங்கோட ரெண்டாவது சுத்துக்கு போயிடுவாங்க. மத்தவங்க சனிக்கிழமை காலைல க்யூ1ல மோதணும், அதுலேருந்து ரெண்டே பேர்தான் மேல போவாங்க. க்யூ2ங்கறது 15 நிமிஷம், 12 பேர், ஸ்டார்ட்ல முதல் நாலு வரிசைல யாரு எங்கன்னு அங்கதான் முடிவாகுது.

டிராக்கை நாலு செக்டாரா பிரிச்சிருப்பாங்க. ஒரு ரைடர் பேருக்கு நேரா செக்டார் ஆரஞ்சு கலர்ல வந்தா அவரு தன்னோட பெஸ்ட்டை தாண்டிட்டாரு, சிவப்பா வந்தா மொத்த பேர்லயும் அவருதான் அங்க வேகம். கடைசி ரெண்டு நிமிஷம் டிவில பைக்கை பாக்குறத விட அந்த பாக்ஸையே பாருங்க: சிவப்பு, சிவப்பு, மூணாவதும் சிவப்பு, அப்போ எங்கயோ ஒருத்தர் விழுந்து மஞ்சக்கொடி காட்டினா, அந்த எடத்தை கடந்த ரைடரோட லேப் டைம் கேன்சல், அவ்வளவு உழைப்பும் போச்சு. சேர் நுனிக்கு வந்துடுவீங்க.

பாயிண்ட் சீக்கிரமா சொல்லிடுறேன். ஸ்பிரிண்ட் 2023லேருந்து இருக்கு, பாதி தூரம், ஜெயிச்சா 12 பாயிண்ட். மெயின் ரேஸ்ல 25, 20, 16, 13ன்னு இறங்கி 15ஆவது இடம் வரைக்கும் கிடைக்கும்.

படி 4: டயரை கவனிங்க

ஏன் இவரு திடீர்னு ஸ்லோ ஆனாருன்னு நீங்க கேக்குற கேள்விக்கு பாதி நேரம் பதில் டயர்தான். ஜெர்மனில சாக்சன்ரிங்னு ஒரு டிராக், 10 லெஃப்ட் வளைவு, 3 ரைட்டுதான். வரிசையா லெஃப்ட்லயே சாஞ்சு வர்றதால டயரோட ரைட் பக்கம் ஆறிப்போயிடும், அதுக்கு அப்புறம் 11ஆவது வளைவு ரைட்டு, அதுவும் வேகமா இறக்கத்துல. ஆறின ரப்பர்ல முன் வீல் வழுக்கி நல்ல நல்ல ரைடர்லாம் அங்க விழுந்திருக்காங்க. அதே டிராக்ல ஸ்பெயின் சாம்பியன் மார்க் மார்க்கேஸ் எத்தனை தடவை ஜெயிச்சிருக்காருன்னு பாத்தா லெஃப்ட் வளைவுல அவரு என்ன பண்றாருன்னு தனியா உக்காந்து பாக்க தோணும்.

மழைன்னா கதையே வேற. பழைய ரேஸ் ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா 2025 பிரெஞ்சு ஜிபி, லே மான்ஸ் பாருங்க. மழை வர்றதும் நிக்கிறதுமா இருந்துச்சு, மத்தவங்க பிட்டுக்குள்ள (டீம் ஆளுங்க நிக்குற டிராக் ஓரம்) போய் வேற டயர் போட்ட பைக்குக்கு மாத்திக்கிட்டே இருந்தாங்க, ஜொஹான் ஜார்கோ மழை டயரோட கிளம்பி நிக்காம ஓட்டி கிட்டத்தட்ட 20 செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 1954க்கு அப்புறம் சொந்த மண்ணுல பெரிய கிளாஸ்ல ஒரு பிரெஞ்சுக்காரர் ஜெயிச்சது அதுதான், ஸ்டாண்ட்ல இருந்த ஜனம் அழுததுல தப்பே இல்ல.

அதனால கேமரா காட்டுற முதல் ஆளை மட்டும் பாக்காதீங்க. 11ஆவது, 12ஆவது இடத்துல இருக்குற ஒருத்தரை பிடிச்சு சீசன் முழுக்க ஃபாலோ பண்ணுங்க, ரேஸ் எவ்வளவு கஷ்டம்னு அவரு சொல்லிக்கொடுப்பாரு.

படி 5: ஒரு தடவையாவது நேர்ல போங்க

டிவில வேகமே தெரியாது, இது நான் அடிச்சு சொல்றேன். சென்னைல இருக்கவங்களுக்கு பெங்களூர் ஹைவேல ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி இருங்காட்டுக்கோட்டைல நம்ம டிராக் இருக்கு, 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடது. அதுக்கு முன்னாடி சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்தை இன்னிக்கும் பெரியவங்க சொல்லுவாங்க. நேஷனல் சாம்பியன்ஷிப் ரவுண்டு நடக்கும்போது போங்க, நீங்க தினமும் ரோட்ல பாக்குற அப்பாச்சிதான் ரேஸ் பைக்கா அங்க ஓடும், பொண்ணுங்களுக்கு தனி ரேஸும் இருக்கு. மெயின் ஸ்ட்ரெயிட் முடியுற பக்கமா எடம் பிடிச்சு, எந்த ரைடர் பிரேக்கை கடைசியா பிடிக்கிறாருன்னு சத்தத்தை வச்சு கண்டுபிடிக்க பாருங்க, டிவில கிடைக்காத விஷயம் அதுதான். தொப்பி, ரெண்டு பாட்டில் தண்ணி, காதுக்கு பஞ்சு கட்டாயம், வெயில் பொளக்கும். திரும்பி வரும்போது ஹைவேல தயவுசெஞ்சு ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீங்க, அங்க ஓட்டினவங்க லெதர் சூட் போட்டுக்கிட்டு, ஆம்புலன்ஸ் தயாரா நிக்குற எடத்துல ஓட்டுறாங்க.

கோயம்புத்தூர்காரங்களுக்கு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. மோட்டோஜிபியையே நேர்ல பாக்கணும்னா மலேசியாவோட செபாங் டிராக்குக்கு போகலாம், அங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா தேதி அறிவிச்ச உடனே பேசி வச்சுக்கோங்க.