டொராண்டோவில் விமானம் மாறும் இடைவெளியில் நயாகரா அருவியைப் பார்த்துத் திரும்புவது எப்படி?

டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகப் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேர்ந்தால், அந்த நேரத்தை நாற்காலியில் சாய்ந்தபடி கழிக்க வேண்டியதில்லை. நயாகரா அருவி அங்கிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அருவிக்குப் போவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. உரிய நேரத்தில் திரும்பி வந்து அடுத்த விமானத்தில் ஏறுவதற்குத்தான் கணக்கு வேண்டும். நான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டபோது படித்த குறிப்புகள் பலவும் அருவியை வருணித்தனவே தவிர, திரும்பும் கணக்கைச் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பகுதியை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் படி: விசா

பயணம் திடீரென்று முடிவாகலாம். விசா முன்பே கையில் இருந்தாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே போய் ஊர் பார்ப்பதற்குக் கனடாவின் விசிட்டர் விசா தேவை. 48 மணி நேரத்துக்குள் கனடாவைக் கடந்து செல்வோருக்குக் கிடைக்கும் ட்ரான்சிட் விசா விமானம் மாறிச் செல்வதற்கு மட்டுமே ஆனது என்பதால், அரை நாள் சுற்றுலாவாக இருந்தாலும் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். அமெரிக்காவில் எச்1பி விசாவில் வேலை செய்பவர்களுக்கும் இதே விதிதான். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர்கள் மட்டும், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையும் கார்டையும் காட்டி, விசா இல்லாமல் நுழையலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்கள், கனடா அரசின் அரைவ்கேன் செயலியில் சுங்க அறிவிப்பை முன்கூட்டியே நிரப்பி அனுப்பிவிட்டால், இறங்கியதும் இயந்திரத்தின் முன் நின்று பதில் தட்டும் நேரம் மிச்சமாகும். வருகைக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இதைச் செய்யலாம்.

இரண்டாம் படி: புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பெரும்பாலோர் இறங்கும் நேரத்திலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்; அப்படிப் போட்டால் அருவிக் கரையில் நேரம் தாராளமாக இருப்பது போலத் தோன்றும். அடுத்த விமானம் புறப்படும் நேரத்தை ஒரு தாளில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது நீங்கள் அடுத்து எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்த விமானம் அமெரிக்காவுக்கு என்றால், பியர்சனில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. அமெரிக்க இமிகிரேஷன், சுங்கச் சோதனை இரண்டையும் அமெரிக்க அதிகாரிகள் டொராண்டோவிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இறங்கும்போது உள்நாட்டுப் பயணியைப் போல நேராக வெளியே நடந்து போகலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் வழக்கமாகப் பயணம் முடிந்த பிறகு நிற்கும் வரிசையில், இங்கே விமானம் ஏறுவதற்கு முன்பே நின்றாக வேண்டும். பெட்டியை ஒப்படைப்பது, பாதுகாப்புச் சோதனை, அமெரிக்க இமிகிரேஷன் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த வரிசை எப்போது நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே அமெரிக்க விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வான்கூவர் போன்ற கனடா நகருக்குப் போவதாக இருந்தால் இரண்டு மணி நேரம் போதும்; மற்ற வெளிநாடுகளுக்கு மூன்று மணி நேரம்.

ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். இரவு 9 மணிக்குச் சிகாகோ விமானம். மாலை 6 மணிக்கு பியர்சனில் இருக்க வேண்டும். மாலை நேரத்தில் கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில், குறிப்பாக பர்லிங்டனிலிருந்து மிசிசாகா வரை, வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அதனால் திரும்பும் பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிற்பகல் 3.30 மணிக்கு அருவியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலை 9 மணிக்கு இறங்கியவர், இமிகிரேஷன் முடிந்து 10.30 மணிக்கு வெளியே வந்து, 12.15 வாக்கில் அருவியை அடைந்தால், அவருக்குக் கரையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். 11 மணிக்கு இறங்கியவருக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் மிஞ்சும். அதற்கும் குறைவாக மிஞ்சினால், என் கருத்தில், கிளம்பாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். விமானம் தாமதம் என்று பலகையில் வந்தவுடன், கூடுதல் நேரம் கிடைத்துவிட்டதாக எண்ணிக் கிளம்பிவிடக் கூடாது. தாமதமாகும் என்று அறிவிக்கப்பட்ட விமானம், மாற்று விமானமோ பணியாளர்களோ கிடைத்துவிட்டால், அறிவித்த நேரத்துக்கு முன்பாகவே புறப்பட்டுவிடலாம். வேறொரு விமானத்துக்கு உங்கள் பயணச்சீட்டை மாற்றிக் கொடுத்து, புதிய நேரம் உறுதியாகியிருந்தால் மட்டுமே அந்த நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனைக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ளும் ஒய்ஒய்இசட் எக்ஸ்பிரஸ் என்ற இலவச வசதி பியர்சனில் இருக்கிறது. உங்கள் விமானத்துக்கு அது உண்டா என்று பார்த்து, அருவிக்குக் கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பெட்டிகள்

ஒரே பயணச்சீட்டில் பயணம் செய்தாலும், பெரிய பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சில வழித்தடங்களில் டொராண்டோவில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். புறப்படும் ஊரிலேயே விமான நிறுவனத்தின் கவுண்டரில் இதைக் கேட்டுவிடுங்கள். கைப்பையில் ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு ஜோடிக் காலுறையும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை நல்ல பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பது அருவிக் கரையில் புரியும்.

நான்காம் படி: எதில் போவது?

இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்து, இரவு நன்றாகத் தூங்கியவர் ஒருவர் வண்டி ஓட்ட முடியுமானால், வாடகைக் கார்தான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. கிளம்பும் நேரம் உங்கள் கையில் இருக்கும். இந்தப் பயணத்துக்கு அதைவிட முக்கியமானது வேறில்லை. ஆனால் கண்டம் தாண்டி வந்த நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு, பழக்கமில்லாத வலப்பக்கச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் பேருந்திலோ, ஓட்டுநருடன் வரும் வண்டியிலோ போகட்டும்.

பொதுப் போக்குவரத்தில் போவதென்றால், முதல் முனையத்திலிருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் நகர மையத்திலுள்ள யூனியன் நிலையத்துக்கு 25 நிமிடங்களில் போய்விடலாம். மூன்றாம் முனையத்தில் இறங்கியவர்கள் இலவச டெர்மினல் லிங்க் ரயிலில் முதல் முனையத்துக்கு வரலாம். யூனியனிலிருந்து நயாகராவுக்குக் ‘கோ’ (GO) என்ற வட்டார ரயிலும் ஃபிளிக்ஸ்பஸ் பேருந்தும் உண்டு. கோ ரயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் ஓடும் ரயில்களும் குறைவு. நயாகரா ரயில் நிலையம் அருவிக்கு அருகில் இல்லை என்பதால், அங்கிருந்து உள்ளூர் வீகோ பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளிக்கு ரயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதில் போனாலும், திரும்பி வரும் வண்டிக்கு அடுத்ததாக இன்னொரு வண்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள். கடைசி வண்டியை நம்பிப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: அருவியில்

நேராக டேபிள் ராக் பகுதிக்குப் போங்கள். கேளிக்கை அரங்குகள் நிறைந்த கிளிஃப்டன் ஹில் தெருவை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். டேபிள் ராக்கில், நயாகரா அருவிகளில் பெரியதான குதிரைலாட அருவியின் விளிம்பு, நாம் பிடித்திருக்கும் கம்பிக்கு ஒரு சில அடிகள் தள்ளித் தொடங்குகிறது. அதுவரை வேகமாக ஓடிவரும் நீர், விளிம்பில் வளையும் இடத்தில் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்து, அடர்ந்த பச்சை நிறம் காட்டி, அடுத்த கணமே வெண்மையாக உடைந்து 57 மீட்டர் கீழே விழுகிறது. ஆறு அரித்துக் கொண்டுவரும் நுண்ணிய பாறைத் துகள்களும் கரைந்த உப்புகளும்தான் அந்தப் பச்சைக்குக் காரணம். அந்த வளைவை மட்டுமே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். காற்று நம் பக்கம் திரும்பினால், சாரல் தலை முதல் கால் வரை நனைத்துவிடும். மாற்றுச் சட்டையை எடுத்துவரச் சொன்னது அதற்காகத்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் படகில் ஏறலாம். படகுப் பயணம் இருபது நிமிடம்தான் என்றாலும், கோடைகாலத்தில் வரிசை நீளமாக இருக்கும். பனிக்காலத்தில் படகு ஓடாது. நேரம் குறைவாக இருந்தால், டேபிள் ராக் கட்டடத்துக்குள்ளிருந்தே லிஃப்டில் 38 மீட்டர் கீழே இறங்கி, அருவிக்குப் பின்னால் செல்லும் சுரங்கப் பாதையைப் பார்ப்பதே நல்லது. காரை எடுக்கவோ வேறிடம் நடக்கவோ வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். ஆற்று நீரின் பெரும்பகுதியை மின் உற்பத்திக்காக அருவிக்கு மேலேயே திருப்பிவிடுகிறார்கள். 1950-இல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரையிலும், அதன்பின் அக்டோபர் 31 வரை காலை 8 முதல் இரவு 8 வரையிலும், நொடிக்குக் குறைந்தது 2,832 கன மீட்டர் நீர் அருவியில் விழ வேண்டும். மற்ற நேரங்களில் அதில் பாதி விழுந்தால் போதும். இரவு விளக்கொளியில் அருவி அழகாகத்தான் இருக்கும்; ஆனாலும் முழு வீச்சையும் பார்க்க விரும்புபவர்கள் பகலில் போகும்படி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பாகக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். கார் நிறுத்துமிடம் வரை நடந்து, வண்டியை வெளியே எடுக்கவே அந்த அரை மணி நேரம் சரியாகப் போய்விடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். ரெயின்போ பாலத்தின் வழியே நடந்து அமெரிக்கக் கரைக்கும் போய் வரலாமா என்பது முதலாவது. பாலத்தைக் கடந்தால் நீங்கள் கனடாவை விட்டு வெளியேறி அமெரிக்காவுக்குள் நுழைகிறீர்கள். அதற்கு அமெரிக்க விசா வேண்டும், திரும்பும்போது மீண்டும் கனடா இமிகிரேஷன் வரிசையில் நிற்க வேண்டும். அமெரிக்கப் பக்கத்து அருவிகளின் முகம் கனடாக் கரையிலிருந்தே முழுமையாகத் தெரிகிறது. இந்தப் பயணத்தில் பாலத்தைக் கடக்க வேண்டாம்.

இரண்டாவது, நெரிசலைத் தவிர்க்க 407 நெடுஞ்சாலையில் வரலாமா என்பது. தாராளமாக வரலாம்; அவசரத்தில் அது உண்மையிலேயே உதவும். அங்கே சுங்கச் சாவடி கிடையாது; வண்டி எண்ணைப் படம் பிடித்துக் கட்டணம் கணக்கிடுவார்கள். வாடகைக் காரில் சென்றால் அந்தத் தொகை, நிறுவனத்தின் சேவைக் கட்டணத்தோடு சேர்ந்து, பிறகு உங்கள் கார்டில் எடுக்கப்படும். எவ்வளவு எடுப்பார்கள் என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.